கொக்குகளுக்கு ஒரு நோட்டீஸ்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். உடுமலைப்பேட்டையிலிருந்து அதிகாலை பஸ்ஸில் கோவை, கோவையிலிருந்து காலை ரயில். திருச்சி தாண்டியதும் பிடித்த மழை தஞ்சாவூரிலும் விடவில்லை. கார்த்திகை மாதத்தில் இந்தப் பக்கம் போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். நெல் நாட்டை மழையில் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தவள் நான்.

என்னைப் பற்றி நாலு வார்த்தை. உடுமலையில் எனக்கு ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, பிளெக்ஸ் பேனர். வாடிக்கையாளர் கேட்டால் பத்திரிகை ஓரத்தில் போட ஒரு வாழ்த்துப் பாட்டும் நானே எழுதிக் கொடுப்பேன். இருபது வருடப் பழக்கம். மாப்பிள்ளை பெயர் எதுவானாலும் எதுகை கிடைக்காமல் போனதில்லை. அந்தக் கை சும்மா இருக்க மாட்டாமல், போகிற ஊரைப் பற்றியெல்லாம் குறும்பாக எழுத ஆரம்பித்தது. புலவர்கள் இதை வெண்பா என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் அவர்களிடம் கேட்டதில்லை. நாலு வரி இருக்க வேண்டும், நாலிலும் எதுகை விழ வேண்டும், கேட்பவர் சிரிக்க வேண்டும். இதில் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது படித்துக் காட்ட வேண்டும். அவர் சிரித்தால் பாட்டு நோட்டில் இருக்கும், சிரிக்காவிட்டால் கிழித்துவிடுவேன். அதுவரை ஒன்றைக்கூடக் கிழிக்க நேர்ந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயிலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். மழைக்காக இருபது கூடக் கேட்டார், கொடுத்தேன். உள்ளே ஈரக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது பனிக்கட்டி மேல் நடப்பது மாதிரி இருந்தது. கூட்டம் இல்லை. கோபுரத்தைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, அது என் நாலு வரிக்குள் அடங்காது. நந்தி மண்டபத்து ஓரத்தில் ஒதுங்கி நின்று நந்தியைப் பற்றி எழுதினேன்.

நந்திக்குக் கூரையுண்டு, நனையாமல் படுத்திருக்கு;
வந்தவளுக் கென்னவுண்டு? வாசலிலே செருப்பிருக்கு;
தொந்தியுள்ள காவலரே, தூறல்நிற்கும் மட்டும்நான்
குந்திக்கொள்ள நந்தியவர் முதுகோரம் இடம்தாரும்!

பக்கத்தில் விசிலோடு நின்ற காவலரிடமே படித்துக் காட்டினேன். அவர் தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தொந்திய மட்டும் தூக்கிடுங்க மேடம், சிரிக்கிறேன்."

"தொந்தியுள்ள" என்பதை அடித்து "சிந்தைநல்ல" என்று போட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இடம் மட்டும் தரவில்லை. நந்தி மேல் யாரும் சாயக்கூடாது என்பது அவருடைய விதி.

மாலை மூன்றரைக்குக் கும்பகோணம் பஸ். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். அங்கே இறங்கி மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி, குத்தாலத்துக்கு டிக்கெட் வாங்கினேன். மழை விட்டிருந்தது. ஐந்தரை மணி இருக்கும், குத்தாலத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு சின்ன ஊர். டீக்கடை, பஸ் நிறுத்தம், இரட்டைப் பனைமரம். அதற்கு அடுத்தாற்போல் சாலையை ஒட்டி ஒரு பெரிய நீர்ப்பரப்பு. மேகம் கிழிந்து கொஞ்சம் வெயில் விழுந்து, தண்ணீர் முழுக்கத் தங்கத் தகடாக இருந்தது. நூறு கொக்காவது நின்றிருக்கும். நடுவே சில நாரைகள். பஸ் ஒரு மாட்டு வண்டிக்காக நின்ற இரண்டு நிமிடத்தில் பாட்டு வந்துவிட்டது.

கொக்கெல்லாம் சபைகூடிக் குளிர்நீரில் கால்நனைத்து,
பக்கத்து நாரைக்குப் பந்தியிலே இடம்போட்டு,
சொக்கித்தான் நிற்கிறதே! சோழநாட்டு விருந்தென்றால்
மொக்காமல் யார்போவார்? மூக்குமுட்ட மீனுண்டு!

ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பாட்டு இதுதான் என்று நோட்டை மூடி வைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் தென்னைக்குச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் தண்ணீர் விடுகிறவர்கள் நாங்கள். ஒரு பரப்பு நிறையத் தண்ணீரைப் பார்த்தால் எங்களுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும்.

குத்தாலத்தில் எனக்காக ஹாஜா பாய் காத்திருந்தார். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவர். பதினெட்டு வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நாலு வரிப் பாட்டு எழுதுகிறவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாலைவனத்தில் ஏசி கெட்டுப்போனதைப் பற்றி அவர் எழுதிய பாட்டில்தான் பழக்கம் ஆரம்பம். "எங்க ஊர ஒரு தடவ வந்து பாத்து எழுதுங்க தங்கச்சி, பாக்காம காவேரின்னு எழுதுறத நிறுத்துங்க" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா வாசலிலேயே துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லிவிட்டு, சுக்கு தட்டிப் போட்ட டீயைக் கையில் கொடுத்தார்.

கொக்குப் பாட்டைப் படித்தேன். பாய் தொடையைத் தட்டினார். "மொக்காமல் யார் போவார்! அருமை!" நூர்ஜஹான் அக்கா மட்டும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் கொளம் ஒண்ணும் கெடையாதே தங்கச்சி?"

"ரெட்டைப் பனைமரத்துக்குப் பக்கத்துலதானுங்க அக்கா. நானே கண்ணால பாத்தேன்" என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கண்ணால் பார்த்தவளிடம் யார் என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போனார். செம்மண் கலந்த தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அங்கிருந்து நேற்றுப் பார்த்த ஊருக்குப் போனோம். அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் படித்துக்கொண்டு வரும்போதே தெரியும். டீக்கடைக்காரர் பெயர் முருகையன். டீ பன்னிரண்டு ரூபாய். பெஞ்சில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவரும் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மழை நாளின் சோம்பல் என்று நினைத்தேன்.

"இவங்க உடுமலைப்பேட்ட. ஊரு ஊரா போயி வேடிக்கையா பாட்டுக் கட்டுவாங்க. நம்ம ஊருக்கும் ஒண்ணு கட்டியிருக்காங்க" என்று பாய் என்னை அறிமுகம் செய்தார்.

நான் எழுந்து நின்று, கல்யாண மண்டபத்து மைக்கில் படிக்கிற மாதிரி இழுத்து நிறுத்திப் படித்தேன். கடைசி வரியில் பாய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. முருகையன் டீ ஆற்றுவதை நிறுத்தி, டம்ளரைக் கீழே வைத்தார்.

கடை ஓரத்தில் டீ பார்சலுக்காக ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு.

"எந்த எடத்துல பாத்தீங்க மேடம்?"

"அதோ, அந்த ரெட்டைப் பனைமரத்துக்கு அந்தப் பக்கமுங்க. அந்த ஏரி."

"ஏரி இல்லீங்க அது. என் வயலு. நாத்து நட்டுப் பதினோரு நாள் ஆச்சு. மூணு நாளா தண்ணிக்குள்ள கெடக்கு."

பார்சலை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் தேடியிருப்பேன். விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வது மாதிரி சொன்னார்.

என் கையில் நோட்டு திறந்தபடி இருந்தது. பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா, வசந்தா வயலா? நானும்ல சிரிச்சுட்டேன்." முருகையன்தான் மெதுவாகச் சொன்னார். அந்த வயலில் வசந்தாவின் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். அதே வயலில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், போன சித்திரையில் விலைக்கு வந்தது. வசந்தா கையிலிருந்த நகையையும், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் பத்து வருடமாகச் சேர்த்ததையும் போட்டு வாங்கினார். பத்திரத்தில் வசந்தா பெயர். குறுவை அறுத்து முடித்து, இது சொந்த நிலத்தில் அவர் நட்ட இரண்டாவது பயிர்.

"இன்னும் ரெண்டு நாள் தண்ணி வடியலன்னா அழுகிடும்" என்றார் முருகையன். "கொக்கு எதுக்கு வந்திச்சு? வடிவாய்க்கா அடைச்சு, மீனெல்லாம் வயல்ல ஏறிடுச்சு. அதான்."

கிழித்துவிடுவது என் விதி. தாளை இரண்டு விரலால் பிடித்தும் விட்டேன். ஆனால் இங்கே இந்த பெஞ்சில் உட்கார்ந்து கிழித்தால் அது எனக்காகச் செய்வதாகத்தான் இருக்கும் என்று பட்டது. பாயை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வரப்பைத் தேடி நடந்தேன். வரப்பு தண்ணீருக்கு அடியில் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வசந்தா பனைமரத்தடியில் ஒரு குச்சியைத் தண்ணீரில் நட்டு, கயிறு கட்டித் தண்ணீர் மட்டத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாம எழுதிட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல தண்ணியப் பாத்தா சந்தோஷம் ஒண்ணுதான் தெரியும்."

அவர் குச்சியை ஆட்டிப் பார்த்தார். நன்றாக ஊன்றியிருந்தது.

"மன்னிப்ப வச்சு நான் என்னாங்க பண்றது? எனக்கு ஆளுதான் வேணும். கெழக்க ரோட்டுப் பாலத்துக்கு அடியில ஆகாயத்தாமர அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. பொக்லைன் திங்கக்கெழமதான் கெடைக்குமாம். அதுவரைக்கும் இது தாங்காது. நாளைக்கிக் காலையில கையால அள்ளப் போறோம், பத்துப் பேரு. நீங்க வர்றீங்களா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் பூம்புகார் போவதாக இருந்தேன். கடலைப் பற்றி ஒரு பாட்டு பாதி எழுதியும் வைத்திருந்தேன். "வர்றேனுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வருவேன் என்று நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் போய் நின்றேன். ஹாஜா பாயும் வந்தார். கடையிலிருந்து இரும்புக் கொக்கி நாலு, நைலான் கயிறு ஒரு கட்டு. "கடைக்காரன்னா, தன்கிட்ட வாங்குறவங்க வயலுக்கு ஒரு நாளாவது எறங்கணும்ல" என்று யாரும் கேட்காமலே காரணம் சொன்னார். முருகையன் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்து வயல்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பதின்மூன்று பேர்.

ஆகாயத்தாமரையைப் படத்தில் பார்த்தால் அழகு. ஊதாப் பூ, பளபளப்பான இலை. கையில் பிடித்தால்தான் அதன் குணம் தெரியும். ஒன்றை இழுத்தால் பத்து கூடவே வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. வாய்க்கால் அகலம் பன்னிரண்டு அடி, பாலத்துக்கு முன்னால் ஐம்பது அறுபது அடி நீளத்துக்குப் பாய் விரித்த மாதிரி அடைத்திருந்தது. நடுவில் காட்டாமணக்குத் தண்டுகள் கோர்த்துக்கொண்டு வேலி போட்டிருந்தன. இரண்டு பேர் அரிவாளால் அறுத்துக் கொடுக்க, நாலு பேர் கொக்கி போட்டு இழுக்க, மற்றவர்கள் வரிசையாகக் கைமாற்றிக் கரையில் எறிய வேண்டும். நான் வரிசையில் ஐந்தாவது ஆள். வசந்தா தண்ணீருக்குள், எல்லாருக்கும் முன்னால்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் பேசவில்லை. "பிடிங்க", "விடுங்க", அவ்வளவுதான். இடுப்பு இரண்டாக ஒடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஒரு கொத்தைக்கூட நான் தவறவிடவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். காகிதக் கட்டுகளைத் தூக்கிப் பழகிய கை.

ஒன்பதரை மணிக்கு, இன்னும் கொஞ்சம் எட்டிப் பிடிக்கலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். கரை மாதிரி தெரிந்தது கரை இல்லை. வலது கால் தொடை வரை சேற்றில் இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன், அது அதைவிட ஆழமாகப் போனது. இடுப்பளவு சேற்றில், கையில் ஒரு ஆகாயத்தாமரைக் கொத்தோடு, மணமேடையில் பூச்செண்டு பிடித்த மணப்பெண் மாதிரி நின்றேன். பிறகு முருகையன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, நடவுப் பாட்டு ராகத்தில் எடுத்தார்.

"உடுமல அக்கா வந்தாங்க, உளையில கால வச்சாங்க,
எடுத்த காலு மேல வர, இன்னொரு காலு உள்ள போச்சு!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அடுத்த வரிக்காக எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"விடுங்கப்பா, பிடுங்காதீங்க, வேரு விட்டு நிக்கட்டும்,
அடுத்த மாசி அறுப்புல ஆறு மூட்ட தருவாங்க!"

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஹாஜா பாய் கரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஊரே பார்த்துச் சிரிக்கும்போது நடுவில் நகர முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நிமிடமே தொழில் புத்தி முந்திக்கொண்டது. உடு, எடு, விடு, அடு! நாலு வரியிலும் எதுகை, அதுவும் இடுப்பளவு தண்ணீரில், நோட்டு இல்லாமல். என் கொக்குப் பாட்டை நான் எழுத இரண்டு நிமிடம் ஆனது. இவர்களுக்கு இருபது வினாடி.

"ஆறு மூட்டை பத்தாதுங்க, எட்டாப் போடுங்க" என்று கத்தினேன். "முதல்ல என்னை வெளிய எடுங்க!"

இரண்டு பெண்கள் கையைப் பிடித்து, பாய் கொண்டுவந்த நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றி இழுத்தார்கள். அதற்குப் பிறகு வரிசையில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. உங்கள் ஊரில் தேங்காய் என்ன விலை, எத்தனை பிள்ளைகள், அச்சகத்தில் லாபம் வருமா. மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு வசந்தாவும் என்னை அக்கா என்றார்.

பன்னிரண்டு மணிக்கு நூர்ஜஹான் அக்கா ஆட்டோவில் தேங்காய்ச் சோறும் தாளிச்சாவும் அனுப்பியிருந்தார். வாழையிலை கிழித்துக் கரையிலேயே சாப்பிட்டோம். அதற்கப்புறம்தான் கஷ்டமான வேலை. பாலத்து அடிக் குழாயின் வாயில் வேரும் சேறும் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்து சுவர் மாதிரி இறுகிப்போயிருந்தது. வசந்தாவும் இன்னொருவரும் மூச்சுப் பிடித்து முங்கிக் கொக்கியை மாட்டினார்கள். கரையில் ஒன்பது பேர் கயிற்றைப் பிடித்தோம். ஒரு தடவை இழுத்தோம், அசையவில்லை. இரண்டாவது தடவை கயிறு வழுக்கி நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். வசந்தா மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வயல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மறுபடி முங்கினார்.

மூன்றாவது தடவை இழுத்தபோது என்னவோ கிழிகிற மாதிரி சத்தம். தண்ணீர் ஒரு முறை பின்வாங்கி, பிறகு மொத்தமாக உள்ளே போயிற்று. "ஏறு, ஏறு, கரைக்கு ஏறு!" என்று முருகையன் கத்தினார். வசந்தாவைக் கையைப் பிடித்துத் தூக்கினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற ஓசை கேட்டது. மிதந்துகொண்டிருந்த இலை, சருகு, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாகப் போக ஆரம்பித்தன. மணி இரண்டே முக்கால்.

யாரும் கைதட்டவில்லை. வசந்தா கரையில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்து வயல்கார அம்மா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் குச்சியில் கட்டிய கயிற்றுக்குக் கீழே நாலு விரற்கடை தண்ணீர் இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைசியாக ஒருமுறை போனேன். முக்கால் பங்குத் தண்ணீர் வடிந்திருந்தது. வரப்பு தெரிந்தது. சேறு படிந்த நாற்று நுனிகள், பழுப்பும் பச்சையுமாக, வயல் முழுக்கப் படுத்துக் கிடந்தன. எனக்கு எல்லாம் செத்துப்போன மாதிரிதான் தெரிந்தது. வசந்தா ஒன்றைப் பிடுங்கினார். அடித்தண்டை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். என் கையிலும் கொடுத்தார். உறுதியாக இருந்தது. உரித்தால் உள்ளே வெள்ளை.

"உசிரு இருக்குக்கா. ரெண்டு நாள் வெயில் அடிச்சா நிமிந்துரும். கீழக்கோடியில ஒரு மா போச்சு. அது அழுகிடுச்சு. மேல அடர்த்தியா இருக்குறதக் கலைச்சு அங்க நட்டுருவேன்."

நோட்டை எடுத்தேன். "இந்தப் பாட்டைக் கிழிச்சுடறேனுங்க வசந்தா. உங்க முன்னால கிழிக்கணும்னுதான் வச்சிருந்தேன்."

"எதுக்குக் கிழிக்கிறீங்க? கொக்கு வந்தது நெசந்தானே. அன்னிக்கிப் பாக்கவும் அழகாத்தான் இருந்துச்சு. எனக்கே ஒரு நிமிசம் தோணிச்சு, அப்பறம் என்மேலயே கோவம் வந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "வேற மாரி எழுதுங்க. கொக்கப் போகச் சொல்லுங்க. அப்பறம் ஒண்ணு. இந்த எடத்துக்கு நாந்தான் சொந்தக்காரின்னு அதுல வரணும். எங்க அம்மா இதே எடத்துல நட்டப்ப, இது அவுங்க வயலுன்னு யாரும் பாட்டுல சொன்னதில்ல."

வரப்பில் குந்தி உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை கால் மணி நேரம் ஆனது. இரண்டு சொல்லை வசந்தா மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

கொக்காரே, நாரையாரே, கூட்டத்தை முடியுங்கள்;
பக்கத்து வாய்க்காலில் பாதையினித் திறந்தாச்சு;
முக்குளித்த என்நாற்று மூச்சுவாங்க வேண்டுமையா;
இக்கரையில் வசந்தாநான், இடத்துக்குச் சொந்தக்காரி!

வசந்தா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தரம் நோட்டைத் தானே வாங்கி, வாய் அசைத்துப் படித்தார். கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். வயலில் மிச்சம் நின்ற ஏழெட்டுக் கொக்குகளைப் பார்த்து, "கேட்டுச்சா? எடத்தக் காலி பண்ணுங்க!" என்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். அவை எழும்பி, ஒரு வட்டம் போட்டு, காவிரிப் பக்கம் போயின.

முருகையன் கடையிலும் அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். டீக்குக் காசு வாங்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, குத்தாலம் வரை சும்மா வந்தேன். மயிலாடுதுறையில் ஹாஜா பாய் என்னை ரயில் ஏற்றிவிட்டார். பூம்புகார் போகவில்லையே என்று அவருக்குக் குறை. எனக்கு இல்லை. நாலு ஊர் பார்ப்பதாகப் போய் ஒரே ஒரு வயலைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்தது போதும் என்று தைரியமாகச் சொல்வேன்.

வியாழக்கிழமை மதியம் உடுமலையில் மழை பிடித்தது. இரண்டு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்த மழை. கடைத்தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிர் மருந்துக்கடைக்காரர் கையை நீட்டி நனைத்துக்கொண்டார். பக்கத்துப் பேக்கரியில் யாரோ "இன்னும் பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும்" என்று உரக்கச் சொன்னார்கள். நானும் வாசலில் நின்றேன். முகத்தில் சாரல் அடித்தது. போனை எடுத்து வசந்தாவைக் கூப்பிட்டேன்.

"அங்க மழைங்களா?"

"இல்லக்கா. நேத்துலேந்து நல்ல வெயிலு. கண்ணு கூசுது. கீழக்கோடியில நட்டுக்கிட்டு இருக்கோம்."

போனை வைத்தேன். மழையைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நின்று நான் வெயிலுக்குச் சந்தோஷப்பட்டேன்.